பசியில் பிறந்த பல்கலைக்கழகம்: லெய்டனை மாநாட்டு விருந்தினர்களுக்குக் காட்டிய அனுபவம்

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் நான் ஆய்வாளராக இருந்த நான்கு வருடங்களில், எங்கள் துறை நடத்திய மாநாடுகளுக்கு வந்தவர்களை ஊர் சுற்றிக் காட்டும் வேலை மூன்று முறை எனக்கு வந்தது. முதல் முறை வேறு ஆள் இல்லை என்பதால் வந்தது. அடுத்த இரண்டு முறையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வெளிநாட்டில் படிக்கிற, வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பொறுப்பு எப்போதாவது வரும். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் முறை நான் ஒரு தாளில் 19 இடங்களை எழுதி வைத்திருந்தேன். ஓவியர் ரெம்ப்ரான்ட் பிறந்த இடம், காற்றாலை, தாவரவியல் தோட்டம், தேவாலயங்கள், ஐன்ஸ்டைன் வந்து தங்கிய வீடு என்று ஒன்றையும் விடவில்லை. மாநாட்டின் இரண்டாம் நாள் மாலை, நாற்பது பேரோடு கிளம்பினோம். ஏழாவது இடத்துக்குப் போனபோது பாதிப்பேரைக் காணோம். கல் பதித்த தெருவில் நடக்க முடியாமல் வயதான பேராசிரியர் ஒருவர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். மிச்சமிருந்தவர்கள் மரியாதைக்காக என் பின்னால் வந்தார்கள். மூன்று மணி நேரம் பேசியதில் என் தொண்டை கட்டிக்கொண்டது.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் பிரேசிலிலிருந்து வந்திருந்த ஒரு மாணவி என்னிடம் கேட்டார்: “இந்தச் சின்ன ஊருக்கு எப்படி இவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் வந்தது?” மூன்று மணி நேரத்தில் நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றைத்தான். ஊரில் எது எங்கே இருக்கிறது என்றெல்லாம் சொல்லியிருந்தேன். ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்று சொல்லவே இல்லை.

அடுத்த வருடம் 19 இடங்களை ஐந்தாகக் குறைத்தேன். ஒரு குழுவில் பன்னிரண்டு பேர், ஒன்றேகால் மணி நேரம், இரண்டு கிலோமீட்டருக்குள் நடை. சொல்லும் கதையும் ஒன்றுதான்.

கதையைப் புர்க்ட்டில் தொடங்குவேன். ரைன் நதியின் இரண்டு கிளைகள் சேரும் இடத்தில், மனிதர்கள் மண் குவித்து எழுப்பிய மேடு அது. உச்சியில் வட்டமான ஒரு பழைய கோட்டைச் சுவர். கட்டணம் கிடையாது. படியேறிச் சுவரின் மேல் சுற்றி வந்தால் ஊரின் ஓட்டுக் கூரைகள் எல்லாம் காலடியில் தெரியும். அந்த வட்டாரத்தில் மலை என்பதே கிடையாது. அதனால் இந்தச் சின்ன மேடுகூட உயரமாகத் தெரியும். அங்கே நிறுத்தி, “1574-ஆம் வருடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்” என்று ஆரம்பிப்பேன்.

அப்போது நெதர்லாந்து ஸ்பெயின் மன்னரின் ஆட்சியை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தது. ஸ்பானியப் படை லெய்டனைச் சுற்றி வளைத்துக் கொண்டது. சண்டை போட்டு உள்ளே நுழைய அவர்கள் அவசரப்படவில்லை, பட்டினி போட்டால் போதும் என்று காத்திருந்தார்கள். உள்ளே உணவு தீர்ந்துகொண்டே வந்தது. நாணயம் அடிக்க உலோகம் போதாமல் தேவாலயப் பிரார்த்தனைப் புத்தகங்களின் தாள்களை அழுத்தி அச்சடித்துக் காசாகப் புழங்கினார்கள். வெளியிலிருந்து செய்தி புறாக்காலில் கட்டி வந்தது. பசியிலும் கொள்ளைநோயிலும் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

காப்பாற்ற வழி ஒன்றுதான் இருந்தது. கடலைத் தடுத்து வைத்திருந்த கரைகளை நெதர்லாந்துப் போராளிகளே வெட்டித் திறந்தார்கள். வயல்கள் மூழ்கினால் மூழ்கட்டும், தண்ணீர் ஏறினால் அதன்மேல் தட்டையான படகுகளில் உணவைக் கொண்டுபோகலாம் என்பது திட்டம். நான் காவிரி டெல்டாக்காரன். விளைந்த வயலுக்குள் உப்புத்தண்ணீரைத் தெரிந்தே விடுவது எப்பேர்ப்பட்ட முடிவு என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் தண்ணீர் போதிய அளவு ஏறவில்லை, படகுகள் வழியிலேயே நின்றன. வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு காற்று திசை மாறி அடித்தது. கடல்நீர் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. முற்றுகையிட்டவர்கள் இரவோடு இரவாகப் பின்வாங்கினார்கள். அக்டோபர் 3 காலையில் படகுகள் ஊருக்குள் வந்தன. ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் கொண்டுவந்தார்கள்.

இன்றும் வருடாவருடம் அக்டோபர் 3 அன்று ஊருக்கே விடுமுறை. காலையில் பழைய எடைக்கூடத்தில் மக்கள் வரிசையில் நின்று வெள்ளை ரொட்டியும் ஹெர்ரிங்கும் வாங்கிப் போவார்கள். இரவு வீட்டுக்கு வீடு ஹுட்ஸ்பாட்: உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் மூன்றையும் வேகவைத்து மசித்தது. எதிரி விட்டுச்சென்ற முகாமுக்குள் ஒரு சிறுவன் போய், இன்னும் சூடாக இருந்த ஒரு பானை நிறையக் காய்கறிக் கூட்டைக் கண்டுபிடித்தான் என்பது கதை. அந்தப் பானை என்று சொல்லப்படுவது லாக்கன்ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்க நம் வீட்டுப் பழைய வெண்கலப் பானை போலத்தான் இருக்கும். கதை உண்மையோ இல்லையோ, ஒரு ஊர் தன் வெற்றியை வாளை வைத்து நினைக்காமல் சமையல் பானையை வைத்து நினைக்கிறது. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இவ்வளவு தாங்கிய ஊருக்குப் பரிசாகத்தான், போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஆரஞ்சு இளவரசர் வில்லியம் பல்கலைக்கழகத்தைக் கொடுத்தார். 1575 பிப்ரவரி 8 அன்று, முற்றுகை நீங்கி நான்கு மாதமும் சில நாட்களுமே ஆன நிலையில், அது திறக்கப்பட்டது. சாசனத்தில் யார் பெயர் தெரியுமா? எந்த மன்னரின் படை அவர்களைப் பட்டினி போட்டதோ, அதே இரண்டாம் பிலிப்பின் பெயர்தான். சட்டப்படி அவர்தானே அப்போதும் மன்னர். இதைச் சொல்லும்போது எல்லாக் குழுவிலும் ஒரு சிரிப்பு எழும். அதற்கப்புறம் யாரும் கூட்டத்தை விட்டுப் போகமாட்டார்கள். பல்கலைக்கழகத்தின் இலட்சிய வாசகம் ‘சுதந்திரத்தின் அரண்’ என்ற பொருள் தரும் லத்தீன் சொற்கள். பட்டினிக் கதையைக் கேட்டபின் அந்த வாசகத்தைப் பார்ப்பது வேறு, கேட்காமல் பார்ப்பது வேறு.

இறங்கி, நியூவ ரைன் கால்வாயைத் தாண்டி ஸ்டேன்ஸ்கூர் என்ற கால்வாய்த் தெருவுக்கு நடப்போம். கால்வாய் ஓரம் முழுக்கப் பழைய வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஓரிடத்தில் மட்டும் அந்த வரிசை திடீரென்று அறுந்துபோகும். ஒரு பக்கம் பூங்கா, எதிர்க்கரையில் ஒரு பெரிய கட்டடம். “ஏன் இங்கே மட்டும் பழைய வீடு இல்லை?” என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்பேன். தீ விபத்து என்பார்கள், உலகப்போரில் குண்டு விழுந்தது என்பார்கள்.

1807 ஜனவரி 12 அன்று வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று இந்தக் கால்வாயில் கட்டியிருந்தது. அது வெடித்தது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள், சுற்றிலும் இருந்த வீடுகள் தரைமட்டம். அந்த வெற்றிடம் பல வருடம் அப்படியே கிடந்தது. ஒரு பகுதி பூங்காவானது. முற்றுகைக் காலத்து மேயர் வான் டெர் வெர்ஃப்பின் சிலை அங்கேதான் இருக்கிறது. பசி தாங்காமல் சரணடையச் சொன்ன மக்களிடம், ‘என் கையை வெட்டித் தின்னுங்கள், ஊரைக் கொடுக்க மாட்டேன்’ என்றாராம். எதிர்க்கரையில் பல்கலைக்கழகம் ஆய்வுக்கூடம் கட்டியது. பிற்பாடு இயற்பியலாளர் காமர்லிங் ஓனஸ் வந்து வேலை செய்தது அதில்தான்.

எங்கள் மாநாடு தாழ்வெப்ப இயற்பியல் சம்பந்தப்பட்டது, ஆகவே இந்த இடம் எங்களுக்குக் கோயில் மாதிரி. ஆனால் எங்கள் துறைக்காரர்களே பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1890-களில் ஓனஸ் தன் கூடத்தில் அழுத்தமேற்றிய வாயுக்களை வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் நகராட்சி பயந்துபோய் வேலையை நிறுத்தச் சொன்னது. அந்த மண்ணில்தானே கப்பல் வெடித்தது! ஆராய ஒரு குழு போட்டார்கள், விஷயம் முடிய வருடக்கணக்கானது. அதைக் கடந்துதான் 1908 ஜூலை 10 வந்தது. ஹீலியம் வாயுவைத் திரவமாக்க விடியற்காலையில் தொடங்கிய வேலை சாயங்காலம்வரை நீண்டது. ஹீலியம் திரவமாகிவிட்டதா என்று பார்த்தவர்களுக்கே தெரியவில்லை, ஏனென்றால் அது கண்ணுக்கு அகப்படாத அளவுக்குத் தெளிவானது. எட்டிப் பார்க்க வந்த இன்னொரு பேராசிரியர் சொல்லி, கீழிருந்து விளக்கைக் காட்டினார்கள். அப்போதுதான் திரவத்தின் மேல்மட்டம் ஒரு கோடாகத் தெரிந்தது. சுமார் 60 மில்லி, மைனஸ் 269 டிகிரி செல்சியஸில். மூன்று வருடம் கழித்து, 1911-இல், அதே கூடத்தில் பாதரசத்தின் மின்தடை சட்டென்று மறைந்துபோவதைக் கண்டார்கள். மீக்கடத்தல் அப்படிப் பிறந்தது. 1913-இல் ஓனஸுக்கு நோபல் பரிசு. கட்டடம் இப்போது சட்டத் துறையிடம் இருக்கிறது.

பட்டினி, பல்கலைக்கழகம், வெடிவிபத்து, ஆய்வுக்கூடம் என்று கோத்துச் சொன்னால் கேட்பவர்கள் தாங்களாகவே அடுத்ததைக் கேட்பார்கள். உங்கள் மாநாடு சட்டம் பற்றியது என்றாலோ தாவரவியல் பற்றியது என்றாலோ நடுக்கண்ணியை மாற்றிக்கொள்ளுங்கள். லெய்டனில் எல்லாத் துறைக்கும் ஒரு கண்ணி கிடைக்கும். தாவரவியல்காரர்களுக்கு 1590-இல் ஏற்பட்ட தோட்டம், அங்கே தாவரவியலாளர் குளூசியஸ் வளர்த்து 1594-இல் பூத்த ட்யூலிப்புகள். மின்சாரக்காரர்களுக்கு, மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் 1746-இன் லெய்டன் ஜாடி. அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு, 1609 முதல் 1620 வரை இங்கே அடைக்கலம் புகுந்திருந்து பிறகு அமெரிக்காவுக்குக் கப்பலேறிய, பில்கிரிம்கள் எனப்படும் ஆங்கிலேயக் கிறிஸ்தவர் கூட்டம். அவர்களின் போதகர் ஜான் ராபின்சன் பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்தில் அடங்கியிருக்கிறார்.

அங்கிருந்து ராப்பன்புர்க் கால்வாயோரம் நடந்தால் 1581 முதல் பல்கலைக்கழகம் இருந்துவரும் பழைய கட்டடம். அதற்கு முன் அது கன்னியாஸ்திரீகளின் மடத்துக் கோயில். உள்ளே ‘வியர்வை அறை’ என்று ஒரு சின்ன அறை. தேர்வு முடிவுக்காக மாணவர்கள் வியர்த்துக்கொண்டு காத்திருந்த இடம். தேறியவர்கள் சுவரில் கையெழுத்துப் போடுவது வழக்கம், சுவர் முழுக்கப் பெயர்கள். உள்ளே போக முடியுமா என்பது அன்றன்றைக்கு நிகழ்ச்சிகளைப் பொறுத்தது. முன்கூட்டியே கேட்டு வைப்பது உங்கள் வேலை. நான் ஒருமுறை கேட்காமல் கூட்டிப்போய், பூட்டிய கதவின் முன் பன்னிரண்டு பேரை நிறுத்திவைத்தேன்.

சுவர்க் கவிதைகளைப் பற்றி அதிகம் பேசாமல் விட்டுவிடுவேன். 1992-இல் மரீனா ஸ்வெதாயெவாவின் ரஷ்யக் கவிதையோடு தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகளை அந்தந்த மொழி எழுத்திலேயே வீட்டுச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிற்பாடு இயற்பியல் சமன்பாடுகளும் சேர்ந்தன. ஐன்ஸ்டைனின் சமன்பாடு பூர்ஹாவ அருங்காட்சியகச் சுவரில் இருக்கிறது. “உங்கள் மொழி எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதும். மாலையில் இரண்டிரண்டு பேராகத் தேடிக்கொண்டு போவார்கள். நாம் கூட்டிப்போகும் நடையைவிட அதில் அவர்கள் ஊரை நன்றாகப் பார்க்கிறார்கள்.

சரி, இனி நடைமுறை விஷயங்கள்.

முதலில் ரயில் நிலையம். ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து லெய்டனுக்கு நேர் ரயில், இருபது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் லெய்டன் நிலையத்துக்கு இரண்டு வாசல். ஒன்று பழைய ஊர்ப் பக்கம். மற்றது மருத்துவமனையும் அறிவியல் வளாகமும் இருக்கும் பக்கம். மாநாடு வளாகத்தில், தங்குமிடம் ஊருக்குள் என்றால் குழப்பம் நிச்சயம். முதல் வருடம் நாங்கள் அனுப்பிய குறிப்பில் ‘நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை’ என்று மட்டும் இருந்தது. இரவு பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், பெட்டியை இழுத்துக்கொண்டு தவறான பக்கம் இறங்கி, புதுக்கட்டடங்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் அலைந்திருக்கிறார். அடுத்த வருடத்திலிருந்து எந்த வாசல் என்பதைக் குறிப்பின் முதல் வரியாகப் போட்டோம், வாசலின் படத்தோடு. ரயிலில் ஏறும்போது கார்டைத் தட்டியவர்கள் இறங்கும்போதும் தட்டவேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். மறந்தால் கூடுதலாகப் பணம் போகும்.

சைக்கிள். இதை நடை தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும், நடுவில் சொன்னால் பிரயோஜனமில்லை. சிவப்பாக இருக்கும் பாதை சைக்கிளுக்கு, அதில் நின்று படம் எடுக்கக்கூடாது. அங்கே சைக்கிளில் வருபவர்கள் வேகமாக வருவார்கள், மணியடிப்பதே கடைசி எச்சரிக்கை. குழுவின் முன்னால் நாம் ஒருவர் போதாது. கடைசியில் ஒருவர் வரவேண்டும். வழி தெரிந்த ஒரு மாணவரைக் கடைசியில் போட்டுவிட்டால் யாரும் தொலைய மாட்டார்கள், மெதுவாக நடப்பவருக்குப் பேச்சுத்துணையும் ஆயிற்று.

நேரம். ஜூன், ஜூலையில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்தை நம்பி ஒன்பதரைக்குச் சாப்பிடப் போனால் பல உணவகங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள். ஆகவே முதலில் சாப்பாடு, அப்புறம் நடை. சாய்ந்த வெயிலில் கால்வாய் ஓரத்துச் செங்கல் சுவர்கள் ஜொலிக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கடைகள் பெரும்பாலும் ஆறு மணியோடு மூடிவிடும், வியாழக்கிழமை மட்டும் கொஞ்சம் தாமதம்.

சாப்பாட்டில்தான் எனக்குப் பெரிய வருத்தம் நேர்ந்தது. முதல் மாநாட்டு விருந்தில் சைவக்காரர்கள் ஒன்பது பேர். எண்ணிக்கையை மட்டும் உணவகத்துக்குச் சொல்லியிருந்தேன். அவர்களுக்கும் இறைச்சி போட்டுக் கொதிக்க வைத்த பட்டாணி சூப்பே வந்தது. இரண்டு பேர் பாதி குடித்தபின்தான் தெரிந்தது. அவர்களில் ஒருவர் வாழ்நாளில் இறைச்சி தொடாதவர். எதுவும் சொல்லாமல் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. ‘சைவம்’ என்றால் அங்கே முட்டையும் பாலாடைக்கட்டியும் சேர்த்தி. முட்டை கூடாது, இறைச்சி வேகவைத்த நீரும் கூடாது என்றால் அதை ஒவ்வொன்றாகச் சொல்லி, பெயரோடு எழுதிக் கொடுத்து, அன்று மாலை சமையலறையில் ஒருமுறை நேரில் கேட்டுவிட வேண்டும். நான் அதன்பின் அப்படித்தான் செய்தேன்.

மதியத்தில் அந்த ஊர்க்காரர்கள் குளிர்ந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். மூன்று நாள் அதையே கொடுத்தால் நம்மவர்கள் வாடிப்போவார்கள். சுரினாம் உணவகத்தைத் தேடுங்கள். தென்னமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட சுரினாமுக்கு நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு இந்தியாவிலிருந்து தோட்டவேலைக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் பலர் நெதர்லாந்தில் குடியேறியிருக்கிறார்கள். அவர்கள் கடையில் ரொட்டி கேட்டால், உருளைக்கிழங்குக் குழம்பும் காராமணிக்காய்ப் பொரியலும் வைத்துச் சூடாகத் தருவார்கள். இந்தோனேசியக் கடைகளில் சோயாவில் செய்த டெம்பேயும் டோஃபுவும் கிடைக்கும். புதன், சனிக்கிழமைகளில் நியூவ ரைன் ஓரம் சந்தை கூடும். அங்கே லெய்டன் பாலாடைக்கட்டியை ஒரு துண்டு வாங்கிக் கொடுங்கள். அதில் சீரகம் போட்டிருப்பார்கள். வாயில் போட்டதும் நம் ஆட்கள் முகம் மலர்வதைப் பார்க்கவேண்டும்.

தமிழர் யாராவது குழுவில் இருந்தால் கடைசியாக, ‘விட்டெ சிங்கல்’ என்ற கால்வாயின் ஓரத்தில் இருக்கும் பல்கலைக்கழக நூலகம்வரை கூட்டிப்போவேன். ஆனைமங்கலம் செப்பேடுகளை லெய்டன் செப்பேடுகள் என்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் இந்த ஊரால் வந்தது, நான் அங்கே இருந்தபோது அந்த ஏடுகள் இந்த நூலகத்தில்தான் இருந்தன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் இராஜராஜன் தன் 21-ஆவது ஆட்சியாண்டில் கொடுத்ததைச் சொல்லும் ஏடுகள் அவை. பெரிய தொகுதியில் 21 ஏடுகள்: ஐந்தில் வடமொழி, பதினாறில் தமிழ். வளையத்தில் கோத்துச் சோழ முத்திரை வைத்தது. நாகப்பட்டினம் டச்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்துக்கும் அந்த ஏடுகள் இவ்வளவு தூரம் வந்ததற்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் ஊரின் பெருமையை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சுதந்திரத்துக்காகப் பட்டினி கிடந்த அதே மக்களின் அடுத்த தலைமுறைகள்தான் கப்பலேறி நம் கரைக்கு வந்து கோட்டை பிடித்தார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்வேன். டச்சுக்காரச் சக ஆய்வாளர்கள் பக்கத்தில் இருந்தாலும் சொல்வேன். அவர்கள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. நிறையக் கேள்விதான் கேட்டார்கள்.

மூன்றாவது வருடம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர், நூலகத்துக்கு முன்னால் நின்று, “பதினாறு ஏடு தமிழிலயா?” என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் ஐயா என்றேன். கொஞ்ச நேரம் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கால்வாய்க்கரைப் புல்லில் உட்கார்ந்து, ஆனைமங்கலத்துக்கு எந்த வழியாகப் பஸ் போகும் என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்.